உயரத்தில் ஸ்னோஷூ நடை: எந்த லென்ஸ், கேமராவை எங்கே மாட்டுவது?

புதுத்தடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் குளிர்காலத்தில் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலத் தட்டு) மாட்டிக்கொண்டு ஒரு கணவாய் வரை ஏறி இறங்கத் திட்டம். தங்குமிடம் 2,900 மீட்டரில் இருக்கிறது, கணவாய் 3,500 மீட்டர். நாலு பேர் போகிறோம். மற்ற மூவரும் பனியில் பழகியவர்கள். நான் கோடையில் இந்த உயரம் ஏறியிருக்கிறேன். ஸ்னோஷூ போட்டு நடந்ததெல்லாம் தாழ்வான காட்டுப் பாதைகளில்தான்.

நான் போவதே படம் எடுக்கத்தான். ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ், 16-35, 24-105, 70-200 மி.மீ. என்று மூன்று ஜூம் லென்ஸ், ஒரு கார்பன் டிரைபாட். எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவைத் தொடுகிறது. இதில் எதை விட்டுவிட்டுப் போவது? அந்தச் சமயத்தில் அங்கே மைனஸ் 10 சாதாரணம், காற்றடித்தால் மைனஸ் 20 போல உறைக்குமாம். கேமராவின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஒற்றைலென்ஸ் எழுதியது:

24-105 மட்டும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்று லென்ஸ் கொண்டுபோகிறவர் மலையில் லென்ஸ் மாற்றப் போவதில்லை. காற்றில் பொடிப்பனி பறக்கும்போது பாடியைத் திறக்க உங்களுக்கே மனம் வராது. பையை இறக்கி, கையுறையைக் கழற்றி, மூடியைத் தேடி முடிப்பதற்குள் வெளிச்சம் போயிருக்கும், நண்பர்களும் போயிருப்பார்கள். டிரைபாடைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நாகரிகம் கருதி.

கண்ணாடிவில்லை எழுதியது:

லென்ஸ் மாற்ற மாட்டீர்கள் என்பது உண்மை. ஆனால் 16-35ஐ விடுவதில் வருத்தம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். உயரமான மலையில் அகல லென்ஸ்தான் அதிகம் ஏமாற்றும். கண்ணுக்கு மேலே கவிந்து நிற்கிற சிகரம் 16 மி.மீ.யில் தூரத்துக் குன்றாகிவிடும்; படத்தில் பாதி வெறும் வானம், மீதி வெறும் பனி. மலையை மலையாகக் காட்டுவது 70க்கு மேலேதான். அதனால் என் ஓட்டு 24-105க்கு, அதிலும் நீண்ட பக்கத்துக்கு. 70-200 உங்களிடம் இருப்பது எஃப் 4 எடை குறைந்த வகை என்றால் அதை மட்டும் எடுத்துப் போவதைக்கூடத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. மேலே காற்றில் புகைமூட்டம் குறைவு. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முகடும் பக்கத்தில் இருப்பது போலக் கூர்மையாகத் தெரியும். மரமோ வீடோ இல்லாத இடத்தில் எது பெரிது, எது சிறிது என்று படம் பார்ப்பவருக்குப் புரியாது. உங்கள் நண்பர்கள் மூவரும்தான் அளவுகோல். அவர்களைச் சட்டகத்துக்குள் வைத்துப் பழகுங்கள்.

குளிர்: "மைனஸ் 20 போல" என்பது உங்கள் தோலுக்கான கணக்கு. மைனஸ் 10இல் மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் முகத்துக்கு மைனஸ் 20 போல இருக்கும். கேமரா அந்தக் காற்றில் வேகமாகக் குளிரும், ஆனால் மைனஸ் 10க்குக் கீழே போகாது. கையேட்டில் இருக்கும் 0 டிகிரி, தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் எல்லை. அதற்குக் கீழே போனதும் கேமரா நின்றுவிடும் என்று பொருள் இல்லை. பின் திரை மந்தமாகும், ஜூம் வளையம் இறுகும், அவ்வளவுதான். முதலில் படுப்பது பேட்டரி.

லித்தியம் அயான் பேட்டரி குளிர்ந்தால் உள்ளே வேதிவினை மந்தமாகிறது, உள்தடை ஏறுகிறது. மின்னூட்டம் மிச்சம் இருந்தும் கேமரா கேட்கும்போது கொடுக்க முடியாமல் "தீர்ந்தது" என்று காட்டும். உடம்போடு ஒட்டிய பையில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி எழும். அதனால் தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியைத் தூக்கிப் பையில் போடாமல் உள்சட்டைப் பைக்குள் போடுங்கள், சுழற்சியில் திரும்ப வரும். வழக்கமாகக் கிடைக்கும் படங்களில் பாதிதான் கிடைக்கும் என்று திட்டமிடுங்கள். பனியில் உறைந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடவும் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம்.

மெதுநடை எழுதியது:

தலைப்பில் "எங்கே மாட்டுவது" என்று கேட்டுவிட்டு உள்ளே லென்ஸ் பற்றியே பேசுகிறோம். முக்கியமான கேள்வி அதுதான், பாதுகாப்புக்காகவும்.

நாலு பேரிடமும் பனிச்சரிவு பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் குச்சி, மண்வெட்டி இருக்கிறதா? பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும், வாங்கும். அதற்குப் பக்கத்தில் இயங்கும் எந்த மின்னணுச் சாதனமும் அதைக் குழப்பும். பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி: சாதாரணமாக நடக்கும்போது, அதாவது அனுப்பு நிலையில், 20 செ.மீ.; புதைந்தவரைத் தேடும்போது 50 செ.மீ. இப்போது உங்கள் நெஞ்சைப் பாருங்கள். பீக்கன் வார் நெஞ்சுக்குக் குறுக்கே, கேமரா கிளிப் தோள்பட்டையில், ஃபோன் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில். மூன்றும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஸ்மார்ட் கடிகாரம், பேட்டரி வைத்த சூட்டுக் கையுறை, ஆக்‌ஷன் கேமரா எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும். காந்தக் கொக்கி வைத்த கையுறை, பை வார் வேண்டாம். சில பீக்கன்களின் சுவிட்ச் காந்தத்தால் இயங்குவது.

பேட்டரியைத் தனியாக வைத்திருப்பது அவ்வளவு தொல்லை இல்லை. இயங்கும் சாதனம்தான் தொல்லை.

புதுத்தடம் எழுதியது:

நன்றி மெதுநடை. பீக்கன் எல்லோரிடமும் இருக்கிறது, பயிற்சியும் எடுத்தோம். ஆனால் அந்தப் பயிற்சியில் யாரும் கழுத்தில் கேமரா மாட்டியிருக்கவில்லை!

கண்ணாடிவில்லை, பேட்டரி உடம்போடு இருக்கட்டும் என்றால் கேமராவையே ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டால் என்ன? சூடாகவும் இருக்கும், பனியும் படாது.

கண்ணாடிவில்லை எழுதியது:

வேண்டாம். ஏறும்போது ஜாக்கெட்டுக்குள் இருப்பது வெறும் சூடு இல்லை, வியர்வை ஈரமும்தான். அந்த ஈரக் காற்றில் ஊறிய கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முகப்பில் ஈரம் படிந்து அப்படியே உறையும். துடைத்தால் பனிக்கட்டி தேய்ந்து கோடு விழும். கேமரா குளிராகவே இருக்கட்டும், பேட்டரி மட்டும் சூடாக இருக்கட்டும். பனித்துகள் விழுந்தால் ஊதாதீர்கள், உங்கள் மூச்சே ஈரம். சின்ன தூரிகையோ ரப்பர் ஊதியோ போதும். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதும் மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழகுங்கள்.

திரும்பித் தங்குமிடத்துக்குள் நுழையும்போது இதன் மறுபக்கம். வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கம் படியும், கேமராவில் படியாது. உள்ளே வந்து இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. எடுத்த படத்தைப் பார்க்கும் ஆசைக்குத்தான் கார்டை முதலில் எடுக்கச் சொன்னேன்.

கறுப்புத்துணி எழுதியது:

பேட்டரி, திரை, ஈரம்... நான் முழு இயந்திர ஃபிலிம் கேமரா கொண்டுபோகிறவன். ஷட்டருக்கு மின்சாரமே வேண்டாம். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக்கொள்ளலாம்: வெயிலடிக்கும் பனியில் வழக்கமான எஃப் 16 விதிக்கு (வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் 1/ஐஎஸ்ஓ) பதில் எஃப் 22.

ஃபிலிமுக்கும் குளிரில் குணம் மாறும் என்பதை மறைக்க மாட்டேன். விறைத்துப்போகும், அவசரமாகச் சுற்றினால் ஒடியும். வறண்ட குளிரில் வேகமாகச் சுற்றும்போது நிலைமின்சாரப் பொறி பறந்து நெகட்டிவில் கிளை விட்ட மின்னல் கீற்று மாதிரி விழும். மெதுவாகச் சுற்ற வேண்டும்.

ஐந்து கிலோவுக்குக் கவலைப்படுகிறவர்கள் இத்தாலிய மலைப் புகைப்படக்காரர் விட்டோரியோ செல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். 30க்கு 40 செ.மீ. கண்ணாடித் தகடுகளோடு ஆல்ப்ஸில் ஏறியவர். 1909இல் அப்ரூஸ்ஸி கோமகனோடு உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2 வரை போய் அவர் எடுத்த படங்களை இன்றும் மலையேறிகள் விரித்து வைத்துப் பார்க்கிறார்கள். 1882 மார்ச்சில் மேட்டர்ஹார்னைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறியவரும் அவர்தான். சும்மா கேமரா தூக்கிய ஆள் இல்லை.

ஒற்றைலென்ஸ் எழுதியது:

செல்லாவுக்குச் சுமை தூக்கக் கூட ஆட்கள் இருந்தார்கள், ஐயா. புதுத்தடத்துக்கு அவர் முதுகு மட்டும்தான்.

உண்மையில் எனக்கு ஒரு சந்தேகம். இப்போதைய ஃபோன் கேமராவே போதாதா? ஜாக்கெட்டில் ஃபோன், எடை கூடுதலாக ஒன்றும் இல்லை.

மெதுநடை எழுதியது:

நீங்கள் ஒரு லென்ஸிலிருந்து சைபர் லென்ஸுக்கு வந்துவிட்டீர்கள். ஃபோனில் நல்ல படம் வரும், மறுக்கவில்லை. ஆனால் வரைபடம், உதவிக்கு அழைப்பு, சில சமயம் சரிவின் கோணம் பார்ப்பது எல்லாம் அதில்தான். குளிரில் ஃபோன் கேமராவைவிட முன்னதாகவே அணையும். நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டு மாலையில் அழைக்க வேண்டிய நேரத்தில் கறுப்புத் திரையைப் பார்ப்பானேன்? நாலு பேரில் ஒருவருடைய ஃபோனாவது அணைத்த நிலையில் உள்சட்டைக்குள் இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கென்று தனிக் கருவி இருப்பதற்கு இதுவே போதிய காரணம்.

மலைமேகம் எழுதியது:

நல்ல இழை. எல்லோரும் எடையைப் பற்றிப் பேசியாயிற்று, நிற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. உயரத்தில் கேமராவின் உண்மையான விலை நிற்பதில்தான் இருக்கிறது.

ஸ்னோஷூ நடை தாளத்தில் ஓடுவது. 3,000 மீட்டருக்கு மேல் மூச்சும் அடியும் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் உடம்பு ஏற ஒத்துக்கொள்ளும். படத்துக்காக ஒரு நிமிஷம் நின்றால் அந்த ஒழுங்கு உடைகிறது. வியர்வை குளிர்கிறது. நண்பர்கள் நூறு மீட்டர் முன்னால் போய்விடுகிறார்கள். உடனே அவர்களைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாக ஏறுகிறீர்கள், மூச்சு முட்டுகிறது, அடுத்த படத்துக்கு நிற்கிறீர்கள். மதியத்துக்குள் அவர்கள் நடந்ததைவிட இரண்டு மடங்கு களைத்துப்போவீர்கள், தூரம் என்னவோ ஒன்றுதான். ஸ்னோஷூவே காலில் கட்டிய சுமை. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது பழைய கணக்கு. அந்தச் சுமையோடு துரத்தக் கூடாது.

நான் பழக்கிக்கொண்ட வழி: முன்னால் போய்த் தடம் போடும் என் முறை வரும்போது நான் கொஞ்சம் நீளமாகவே முன்னால் நடப்பேன். பிறகு குச்சியால் ஊன்றிப் பார்த்து, உறுதியான இடத்தில் ஓரமாக விலகி நிற்பேன். மற்றவர்கள் என்னை நோக்கி வருவார்கள். முகம் கிடைக்கும், மிதிபடாத பனி முன்னால் கிடைக்கும், கடைசி ஆள் தாண்டியதும் போட்ட தடத்திலேயே வால் பிடித்து நடக்கலாம். யாரையும் துரத்த வேண்டியதில்லை. பின்னால் வருகிறவருக்கு வாழ்நாள் முழுக்க முதுகுகள்தான் படமாக வரும். மூன்று பேருக்கும் இதை முன்னாடியே சொல்லி வையுங்கள்; சொல்லாமல் நின்றால் ஏதோ ஆபத்து என்று நினைப்பார்கள்.

கேமரா கையுறையோடு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைக்குள் போன கேமரா அன்றைக்கு வெளியே வராது. மெல்லிய உள்கையுறை, மேலே பெரிய மிட்டன், மிட்டனுக்கு மணிக்கட்டில் கயிறு. காற்று பறித்துக்கொண்டு போன மிட்டனுக்குப் பின்னால் ஸ்னோஷூவில் ஓட முடியாது.

அப்புறம் இது ரொம்ப முக்கியம்: சட்டகம் பார்த்துக்கொண்டே பின்னால் நகரும் பழக்கம் எல்லாப் புகைப்படக்காரருக்கும் உண்டு. ஸ்னோஷூவில் பின்னால் நடக்க முடியாது. வால் பக்கம் பனியில் குத்தும், மல்லாக்க விழுவீர்கள். திரும்ப வேண்டுமென்றால் அரைவட்டமாகச் சுற்றி நடந்துதான் திரும்ப வேண்டும். கணவாயில் இது விளையாட்டு இல்லை. காற்று அடிக்கும் முகடுகளில் மறுபக்கம் பனி கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கார்னிஸ். மேலே நிற்பவருக்கு அது தெரியாது, தரை தொடர்வதாகத்தான் தோன்றும். உடையும்போது விளிம்போடு உடையாது, எதிர்பார்த்ததைவிட உள்ளே தள்ளி, உறுதியான தரை என்று நினைத்த இடத்திலிருந்து உடையும். கணவாய் விளிம்பிலிருந்து கீழே பள்ளத்தாக்கைப் படம் எடுக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் போய், அந்த முகட்டின் குறுக்குவெட்டு தெரிகிற இடத்திலிருந்து எடுங்கள். படமும் நன்றாக இருக்கும்.

மருந்துப்பெட்டி எழுதியது:

மலைமேகம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மருத்துவத் துறையில் இருப்பதால் எனக்கு இது உறுத்தும்.

குழுவில் ஒருவர் பின்தங்கினால் அதுதான் உயர நோயின் முதல் அடையாளமாக மற்றவர்கள் கண்ணில் படும். கேமரா வைத்திருப்பவர் எப்போதுமே பின்தங்குவார். "அவன் படம் எடுத்துக்கொண்டு வருவான்" என்று எல்லோரும் பழகிவிடுவார்கள். அவர் நிஜமாகவே தலைவலியிலும் குமட்டலிலும் தடுமாறும்போதும் அதையேதான் நினைப்பார்கள். அவருமே அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார். ஆகவே படம் எடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இப்போது நிற்பது படத்துக்கு, இப்போது நிற்பது முடியாமல். ஒவ்வொரு ஓய்விலும் யாராவது ஒருவர் அவரைப் பார்த்து நேராகக் கேட்க வேண்டும். நடை தள்ளாடுகிறதா என்று சந்தேகம் வந்தால் ஸ்னோஷூவைக் கழற்றி, ஒரு காலின் விரலை ஒட்டி மற்றக் காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள்; ஸ்னோஷூவோடு எல்லோருமே தள்ளாடித்தான் நடப்பார்கள். நடக்க முடியவில்லை என்றாலோ, ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் விஷயம் இல்லை.

3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் ஏறியதை வைத்து நம்ப வேண்டாம், ஒவ்வொரு முறையும் உடம்பு புதிதாகப் பழக வேண்டும். தாழ்வான இடத்திலிருந்து ஒரே நாளில் 2,900க்குப் போய்த் தூங்குவதைவிட நடுவில் ஓர் இரவு தங்குவது நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. உங்கள் திட்டத்தில் மேலே போய்க் கீழே வந்து தூங்குவதால் அந்தக் கவலை குறைவு.

கேமரா ஆட்டத்தைக் குறைக்க மூச்சைப் பிடிப்பீர்கள் அல்லவா? அந்த உயரத்தில் மூச்சைப் பிடித்துவிட்டு நிமிர்ந்தால் தலை சுற்றும். மூச்சு வெளியே போய் அடுத்தது தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அழுத்துங்கள்.

கண்: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதா கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கீழிருந்தும் கண்ணுக்கு வரும். திரையைப் பார்ப்பதற்காக நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் தூக்குகிறவர்கள் புகைப்படக்காரர்கள். பனிக்குருடு உடனே தெரியாது. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல ஆரம்பிக்கும். மேகம் இருந்தாலும் வரும்.

புதுத்தடம் எழுதியது:

பின்தங்குவது பற்றி மருந்துப்பெட்டி சொன்னதை நண்பர்களுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். "நீ எப்போதுமே அப்படித்தானே" என்று பதில் வந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கண்ணாடியைக் கழற்றாமல் திரையை எப்படிப் பார்ப்பது? என்னுடையது போலரைஸ்டு கண்ணாடி, கேமராவைச் சாய்த்தால் திரை கறுப்பாகிவிடுகிறது. மேலும் பனியில் எக்ஸ்போஷர் எப்படி வைப்பது? காட்டுப் பாதையில் எடுத்ததெல்லாம் சாம்பலாக வந்தது.

கண்ணாடிவில்லை எழுதியது:

மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்கப் பனி என்றால் பனி சாம்பலாகும். அப்பர்சர் முன்னுரிமையில் (துளையை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) வைத்து எக்ஸ்போஷர் ஈடு ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. வெயில் நேராக அடிக்கும் பனிக்கு ஒன்று, மேகமூட்டத்தில் ஒன்றரைக்கு மேல் என்று தொடங்கலாம். சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாத் திரையும் இருட்டாகத்தான் தெரியும், இன்னும் கூட்டச் சொல்லும், கூட்டினால் பனி வெளுத்து விவரம் போய்விடும். இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும் பாருங்கள். வலப்பக்கச் சுவரைத் தொடாமல் அதை ஒட்டி நிற்க வேண்டும். அது கறுப்புக் கண்ணாடி வழியாகவும் தெரியும். போலரைஸ்டு இல்லாத மலைக் கண்ணாடி வாங்குவது இன்னும் நல்லது. பனியாற்றுக்கான நான்காம் வகை கண்ணாடி 3 முதல் 8 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

லென்ஸில் மாட்டும் போலரைசரும் அங்கே பெரும்பாலும் வேண்டாதது. உயரத்தில் வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலம். இன்னும் இருட்டாக்கினால் கறுப்பாகும், அகல லென்ஸில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகும்.

நிழலில் பனி நீலமாகத்தான் வரும், வானத்தின் வெளிச்சம் அது. அதை முழுக்க வெள்ளையாக்கிவிட்டால் குளிர் போய்விடும். ரா கோப்பாக எடுத்து, வீட்டில் பொறுமையாக முடிவு செய்யுங்கள்.

ஒற்றைலென்ஸ் எழுதியது:

ஈடு எல்லாம் எதற்கு? மேனுவலில் வையுங்கள். வெயிலும் பனியும் மாறாத வரைக்கும் எக்ஸ்போஷரும் மாறாது. கறுப்பு ஜாக்கெட் போட்ட நண்பர் சட்டகத்துக்குள் வந்தால் உங்கள் அப்பர்சர் முன்னுரிமை ஏமாந்துபோகும், மேனுவல் ஏமாறாது.

கண்ணாடிவில்லை எழுதியது:

தெளிந்த வானத்தில் ஒப்புக்கொள்கிறேன். மேகம் ஓடும் நாளில் மிட்டனோடு மேனுவல் வைத்துக்காட்டுங்கள், பிறகு பேசலாம்.

மெதுநடை எழுதியது:

இரண்டு பேரும் சண்டையை வெளிச்சம் நல்ல நேரத்தில் போடுங்கள். அந்த "நல்ல நேரம்" பற்றித்தான் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பனியின் மேடு பள்ளம் தெரிய சாய்வெயில் வேண்டும், காலையோ மாலையோ. மாலையைத் தேர்ந்தெடுத்தால் நாள் முழுக்க வெயில் குடித்த சரிவுகளுக்குக் கீழே இறங்க வேண்டியிருக்கும், ஈரப்பனி சரியும் நேரம் அது. காலையே நல்லது. இருட்டில் கிளம்பி, உதயத்தின்போது மேற்குப் பக்கத்துச் சிகரங்கள் சிவக்கும்போது திறந்த இடத்துக்கு வந்துவிடலாம்; மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

நிற்கும் இடம்: பலகை போல ஒரே பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வுகளில்தான் பிடுங்கிக்கொள்ளும். ஸ்னோஷூக்காரர்கள் "நாங்கள் சமதளத்தில்தானே நடக்கிறோம்" என்று ஏமாறுகிறார்கள். மேலே இருக்கும் செங்குத்தான சாய்விலிருந்து சரியும் பனி வந்து நிற்கும் இடமாக உங்கள் சமதளம் இருக்கலாம். நடப்பவர் அதைக் கடந்துவிடுவார். படம் எடுப்பவர் அங்கேயே சட்டகம் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பார். எங்கே நிற்கலாம் என்பதை முந்தின இரவே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலடியில் "வூம்ஃப்" என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ பனியில் விரிசல் ஓடினாலோ அன்றைய கணவாய் அவ்வளவுதான், திரும்புங்கள். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் கிளம்பவே வேண்டாம். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும் நேரம் அது இல்லை, நீங்கள் நாலு பேர்தான்.

மலைமேகம் எழுதியது:

மெதுநடை சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு: வெளிச்சம் தட்டையாகி, தரையும் வானமும் ஒன்றாகிவிட்டால் கேமராவை மூடிவிடுங்கள். ஆட்டோஃபோகஸுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, உங்கள் காலுக்கும் அதே நிலைதான். அப்போது படம் எடுக்க நிற்பவருக்கும் குழுவுக்கும் நடுவில் இருபது மீட்டர்கூட அதிகம்.

புதுத்தடம் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். 24-105, மூன்று பேட்டரி, ஒரு ஜிப் உறை. கீழே ஓர் இரவு கூடுதலாகத் தங்குகிறோம். கிளிப்பைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பு வாரில் மாட்டிப் பார்த்தேன். டேப் வைத்து அளந்தால் பீக்கனுக்கும் கேமராவுக்கும் நடுவில் 30 செ.மீ.க்கு மேல் வருகிறது. ஆனால் ஏறும்போது தொடையில் இடிக்கிறது.

மெதுநடை எழுதியது:

30 போதும், நடப்பதற்கு. தேட வேண்டி வந்தால் கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அதையும் ஒரு தடவை பயிற்சி செய்யுங்கள். தொடையில் இடிப்பதற்கு, கிளிப்பை இடுப்பெலும்பு மேட்டுக்குப் பின்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். கிளம்பும் முன் நாலு பேரும் பீக்கன் சோதிக்கும்போது கேமராவும் ஃபோனும் அதனதன் இடத்தில், இயங்கும் நிலையில் இருக்கட்டும்.

ஒற்றைலென்ஸ் எழுதியது:

டிரைபாட்?

புதுத்தடம் எழுதியது:

தங்குமிடம் வரைக்கும் மட்டும். இரவு நட்சத்திரம் எடுக்க. கணவாய்க்கு வராது. போதுமா?

ஒற்றைலென்ஸ் எழுதியது:

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கண்ணாடிவில்லை எழுதியது:

அப்படியென்றால் ஒன்று. பனியில் டிரைபாட் கால்களை முழுக்க விரித்து வைத்து அழுத்தாதீர்கள், புதையப் புதைய இன்னும் விரியப் பார்த்து மூட்டு உடையும். பாதி விரித்த நிலையில் ஊன்றி, பனி இறுகும் வரை ஒவ்வொரு காலாகத் தள்ளுங்கள். ரொம்ப மிருதுவான பனி என்றால் ஸ்னோஷூவைக் கழற்றி அதன் மேல் வைக்கலாம், நீங்கள் மட்டும் இடுப்பளவு புதையாமல் பார்த்துக்கொண்டு. கால்களின் கீழ்ப்பகுதியை முதலில் நீட்டுங்கள், பூட்டுகள் பனிக்கு மேலே நிற்கட்டும். பூட்டுக்குள் போன ஈரம் உறைந்தால் விடியும் வரை மடக்க முடியாது.